ஆர்டிஸ் ஆசைப்பட்ட கோழிகள்

கோழிகள் ஒன்பதும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன.

நவம்பர் கடைசி வாரம். மினசோட்டாவில் அப்போதெல்லாம் நாலரை மணிக்கே இருட்டு இறங்கிவிடும். கோழி அடைகிற அந்த நேரத்தில் போய்க் கொட்டிலின் கதவைச் சாத்திவிட்டு வருவது ஹார்லனின் அன்றாட வேலை. வழக்கமாக உள்ளே ஒரே ரகளையாக இருக்கும். உட்காரும் கட்டையில் நல்ல இடம் யாருக்கு என்று ஒன்றையொன்று கொத்தும், தள்ளும், முணுமுணுக்கும். மூன்று நாளாக அந்தச் சத்தமே இல்லை. வைக்கோலின் புளித்த வாடையும், எச்சத்தின் காரமும், தகரக் கூரைமேல் காற்று உரசிக்கொண்டு போகும் ஓசையும்தான் இருந்தன. ஒன்பதும் ஒரே வரிசையில், வீடு இருக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தன.

பார்த்தார். கதவைச் சாத்தினார். வந்துவிட்டார்.

மனைவி ஆர்டிஸ் போன பிறகு எதுவும் அவருக்குள் இறங்குவதில்லை. ஏப்ரலில் தகனம் முடிந்த அன்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்து வைத்த பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, யார் யாருடையது என்று சரியாகத் திருப்பிக் கொடுத்தார். அழவில்லை. அடுப்பில் கை பட்டால்கூட, தோல் கொப்பளித்த பிறகுதான் சுட்டது தெரியவந்தது. மாடியில் அவர்கள் படுத்த அறையைச் சாத்திவிட்டுக் கீழே சோபாவில் படுத்துக்கொண்டார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கோழிகள் ஆர்டிஸின் யோசனை. போன குளிர்காலம் முழுக்க அவள் மாடி அறையில், மருந்தில் முடியெல்லாம் உதிர்ந்த தலையில் கம்பளித் தொப்பியோடு, மடியில் தபாலில் கோழிக்குஞ்சு விற்கும் பண்ணையின் விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு கிடந்தாள். வலி தெரியாமல் இருக்க இருவரும் கற்பனையில் கோழி வளர்த்தார்கள். எதை எங்கே அடைப்பது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்று மணிக்கணக்காகப் பேச்சு ஓடும்.

"பாக்க லட்சணமா இருக்குற கோழி ஒண்ணுகூட வேணாம், ஹார்லன். லட்சணமானவங்களத்தான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயே பாத்துடறோமே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் அடங்கவில்லை.

அது வெறும் விளையாட்டு என்றுதான் அவர் நினைத்திருந்தார். மே மாதம் ஒருநாள் காலை ஆறு மணிக்குத் தபால் ஆபீசிலிருந்து போன் வந்தது. பெட்டி ஒன்று கீச்கீச்சென்று கத்துகிறது, சீக்கிரம் வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பிப்ரவரியிலேயே குஞ்சுகள் கேட்டு எழுதியிருக்கிறாள். அதே வாரத்தில்தான் அவள் சொல்லிவைத்தபடி அவளுடைய சாம்பலைக் கொல்லையில் லைலாக் பூப்புதரடியில் புதைத்தார். கலயம் எதுவும் இல்லாமல் நேரே மண்ணில் கொட்டினார்.

குஞ்சுகள் வளர்ந்து, அவள் ஆசைப்பட்டபடியே அவலட்சணமாக நின்றன. ஒன்றுக்குத் தலை நிறைய வெள்ளை இறகுக் குடுமி. கண்ணே தெரியாது, முட்டி மோதித்தான் நடக்கும். இரண்டுக்குக் கழுத்தில் மருந்துக்கும் இறகு இல்லாமல் சிவந்து சுருங்கிய வெறும் தோல். இரண்டுக்குக் கால்விரல் வரை இறகு மூடி, கம்பளிச் செருப்பு மாட்டியதைப்போல் இருக்கும். ஒன்றுக்கு இறகே இல்லை, முயல் ரோமம். அலகு நாக்கு எல்லாம் கருத்த ஒரு கருங்கோழி. காற்றில் பின்பக்கமாக வாரிவிட்டதைப்போல் இறகு சுருண்ட ஒன்று. மனிதத் தோலின் நிறத்தில் மார்பு கொண்ட தாடிக் கோழி ஒன்று.

நான்காம் நாள் அவர் தீனித் தொட்டியைப் பார்த்தார். சோளம் தொடப்படாமல் தூசு படிந்து கிடந்தது. எத்தனை நாளாகவோ. ஆனால் ஒன்றும் இளைக்கவில்லை. கருங்கோழியைத் தூக்கி, கழுத்தடியில் இரைப்பையை அழுத்திப் பார்த்தார். நிறைந்திருந்தது. விரலுக்கடியில் பொடிக் கற்களாக ஏதோ நறநறத்தது. கோழி திமிறவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. அதன் மார்பு மெல்ல உப்பியது, வடிந்தது. இன்னொரு கையைப் பக்கத்துக் கோழிமேல் வைத்தார். அதுவும் அதே கணத்தில் உப்பியது, அதே கணத்தில் வடிந்தது. மூன்றாவதும் அப்படியே.

இறக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் கொட்டிலைத் திறந்துவிட்டு, காப்பிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலில் நின்றார். ஒன்பதும் ஒன்றன்பின் ஒன்றாக லைலாக் புதருக்குப் போயின. வேறெங்கும் கிளறவில்லை. அவர் போய்ப் பார்த்தபோது அங்கே முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. வேர்கள் வெளியே தெரிய, சுற்றிலும் மண் வழவழவென்று துடைத்துவிட்டதைப்போல் இருந்தது. மே மாதம் அவர் கொட்டியது மெத்தென்ற சாம்பல் இல்லை. எரிந்த எலும்பின் பொடி, கல்லுப்பைப் போல வெள்ளை வெள்ளையாக, நறநறவென்று இருந்தது. இப்போது அதில் ஒரு துணுக்குகூட இல்லை.

தீனி செரிக்கக் கோழி பொடிக்கல் விழுங்கும். கோழி வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து முட்டை வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் இரண்டைப் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கும்.

உள்ளே போய் வாணலியைக் கழுவினார். துடைத்தார். ஆணியில் மாட்டினார்.

மத்தியானம் டுலூத்திலிருந்து கொரீன் கூப்பிட்டாள். ஆர்டிஸின் தங்கை. அக்டோபரில் வந்தபோது இரண்டு டஜன் முட்டை கொண்டுபோயிருந்தாள். வாராவாரம் கூப்பிட்டு, சாப்பிட்டாரா தூங்கினாரா என்று விசாரிப்பாள். விசாரித்து முடித்துக் கொஞ்சம் தயங்கினாள்.

"அந்த முட்டை இன்னும் இருக்கா, ஹார்லன்? தப்பா நெனச்சுக்காதீங்க. அதைச் சாப்பிட்ட அன்னிக்கெல்லாம் நல்லாத் தூக்கம் வருது. அக்கா பக்கத்துல படுத்திருக்குற மாதிரியே இருக்கு."

"இனிமே கிடையாது, கொரீன்."

"ஏன், போடறத நிறுத்திடுச்சா?"

"நாளைக்கு வெட்டிடப் போறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அவ ஆசைப்பட்டு வாங்கினது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

திரும்பினார். பின்வாசல் கதவின் கண்ணாடியில், கீழ்ப்பக்கம், ஒன்பது அலகுகள் ஒட்டியிருந்தன. அத்தனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆவி படிந்தது. ஒரே நேரத்தில் கலைந்தது.

ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. விடிந்தும் நிற்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு, வெளிச்சம் பாலாடைபோல் மங்கிக் கிடக்க, ஹார்லன் கைக்கோடாரியை எடுத்துக்கொண்டு போனார். சிறுவயதில் அப்பாவுக்காக எத்தனையோ கோழி அறுத்திருக்கிறார். கட்டையில் வைத்து ஒரே போடு. அதில் நினைத்துப்பார்க்க ஒன்றுமில்லை.

கொட்டில் கதவு திறந்து கிடந்தது.

கட்டை காலி. தரை காலி. ஓர் இறகுகூட இல்லை.

கோழி பனியில் கால் வைக்காது. பட்டினி கிடந்தாலும் கொட்டில் வாசலைத் தாண்டாது. ஆனால் வாசலிலிருந்து தடம் போயிருந்தது. ஒன்பது வரிசை இல்லை. ஒரே ஒரு வரிசை. ஒன்று மிதித்த இடத்தையே அடுத்ததும் மிதித்து ஆழமான தடம். கொட்டிலருகே அடிகள் சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தன. போகப் போக இடைவெளி அகன்றது. இடது. வலது. லைலாக்கைத் தாண்டியதும் அது கோழி வைக்கிற அடியாக இல்லை. அவர் தம் காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பெண் நிதானமாக நடந்துபோகிற தூரம்.

தடம் பின்வாசலில் போய் முடிந்தது.

அவர் இழுத்துச் சாத்திய கதவு. திறந்திருந்தது.

சமையலறைத் தரையில் ஈரம். மாடிப்படியில் ஈரம். ஒவ்வொரு படியிலும் ஒரு நனைந்த வட்டம். வீட்டுக்குள் ஈர இறகின் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, மருந்தும் வியர்வையும் கலந்தது. ஏழு மாதமாக இந்த வீட்டில் இல்லாதது.

ஏறினார். கோடாரி கையில் இருந்தது. அதன் கனம் தெரியவில்லை.

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

கட்டிலில், அவள் படுக்கிற பக்கத்தில், யாரோ படுத்திருந்தார்கள்.

போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்து மூடியிருந்தது. தலையணையில் வெள்ளைக் குடுமி, வாரிவிட்ட நரைமுடிபோலப் பரந்து கிடந்தது. அதன் கீழே தோல் நிறத்து மார்பு. போர்வைக்கு மறுநுனியில் இறகு மூடிய இரண்டு ஜோடிக் கால்கள், செருப்பைப் போல, அருகருகே நீட்டிக்கொண்டிருந்தன. நடுவே முயல் ரோமமும் கருமையும் சுருட்டையும் இடைவெளி இல்லாமல் நெருங்கி, தோளாகவும் இடுப்பாகவும் தொடையாகவும் போர்வையை மேடாக்கியிருந்தன. போர்வைக்கு மேலே இரண்டு பக்கமும், கைகளைப்போல, இரண்டு மொட்டைக் கழுத்துகள். சிவந்து, சுருங்கி, அலகுகளைக் குவித்த விரல்களாக மூடிக்கொண்டு.

மொத்தமும் மெல்ல உப்பியது. வடிந்தது.

இருமியது.

ஹார்லனின் முகத்தில் பனி உருகி வழிந்தது.

ஒரு கழுத்து எழுந்தது. முழங்கை மடங்குகிற இடத்தில் அப்படியே மடங்கியது. அலகால் போர்வையின் ஓரத்தைப் பற்றி, அவர் படுக்கிற பக்கமாக, விலக்கிப் பிடித்தது.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அது வாசல்வரை வந்து அவர் முகத்தில் பட்டது.