ஒரு நூல் பிந்தி வந்த குரல்

இரண்டாவது குரல் ஒரு நூலிழை பிந்தி வந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெவி மெட்டல் பாட்டில் பாடகர் ஒரே வரியை இரண்டு முறை பாடுவதும், ஒன்றின் மேல் ஒன்றாக அதை அடுக்குவதும் ஒலிப்பதிவுக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. ஒற்றைக் குரல் இழை என்றால் அடுக்கிய குரல் கயிறு. ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை பாடும்போது ஓரிடத்தில் முந்துவார், ஓரிடத்தில் பிந்துவார்; மனிதர்தானே. இந்தக் குரலோ, பாடகரான அவள் அப்பாவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலிருந்து ஒரே அளவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்பா வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் திறப்பதைப் போல.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டாள். ஸ்டுடியோவில் அவளைத் தவிர யாருமில்லை. விடுமுறை நாள், காவலாளி சாவியைக் கையில் கொடுத்து, "பூட்டிட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான். சுவர் முழுக்க மெத்தை மாதிரி பஞ்சு, பேசினால் சொல் உதட்டைத் தாண்டியதும் செத்துவிடும். ஏசியின் ஈர வாடை, பழைய டேப் சுருள்களிலிருந்து கிளம்பிய புளித்த நெடி, எதிரே சுவரகலத்துக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கில்லாத பாடும் அறை, அதன் நடுவே ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு மைக். அப்பா தன் கடைசி ஆல்பத்தைப் பாடியது அங்கேதான்.

ரசிகர்களுக்கு அப்பா 'இடி'. கறுப்புச் சட்டை போட்டு முடியைச் சுழற்றிய இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் வேதவாக்கு. வீட்டில் அவர் ஊமை. அவளுக்குப் பால் பல் விழுந்த வயதில் ஒருநாள் பேச்சை நிறுத்தியவர், போன வருடம் கண்ணை மூடும்வரை வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையாட்டல், கையசைவு, அவ்வளவுதான். "ஊருக்கெல்லாம் கத்தித் தீத்துட்டாரு, நமக்கு மிச்சம் இல்ல" என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேடைக் கச்சேரிகளையும் அப்பா விட்டுவிட்டார். ஸ்டுடியோவுக்குப் போவதை மட்டும் நிறுத்தவே இல்லை. காய்ச்சலோடுகூடக் கிளம்பிவிடுவார்.

அத்தனை ஆல்பங்களையும் சுத்தப்படுத்தி ஒரே தொகுப்பாக்கித் தரவேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது, அவள் ஒலிப்பதிவு இன்ஜினியராக அல்ல, மகளாகத்தான் ஒத்துக்கொண்டாள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மைக் திறந்தே இருக்கும். அங்கே எங்காவது அவர் தண்ணீர் கேட்டிருப்பார், யாரையாவது திட்டியிருப்பார். கத்தாத, சாதாரண அப்பா குரல். ஒரு வரி போதும். அவளிடம் அது இல்லை. நினைவில் இருந்ததும் எடுத்து எடுத்துப் பார்த்ததில் தேய்ந்துபோய்விட்டது. அப்பா என்று ஒருவர் தன்னோடு பேசியிருக்கிறார் என்பதற்கு இந்த டேப்புகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

ஆரம்ப காலத்திலிருந்து அப்பாவைப் பதிவு செய்தவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். அவருக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், அப்பா குரலை அடுக்கும்போது ரெண்டாவது தடவை எப்படிப் பாடுவாரு? முதல்ல பாடினதைக் கேட்டுக்கிட்டேவா?"

"ரெண்டாவது தடவையா? உங்கப்பா ஒரு தடவைதாம்மா பாடுவாரு. இன்னொரு டேக் கேட்டா எழுந்து போயிடுவாரு."

"அப்ப ரெண்டாவது ட்ராக்ல இருக்கறது?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"மெஷின் கோளாறுன்னு நெனச்சோம். எதிரொலி மாதிரி எதையோ சேத்துக்குதுன்னு. கேக்க நல்லாருந்துச்சு, விட்டுட்டோம்." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் மெஷின மாத்தினோம். ஸ்டுடியோவையும் மாத்தினோம். அதைத் தனியாக் கேக்காதம்மா. கலந்தே விட்டுடு."

கேட்காதே என்றால் கேட்கத்தானே தோன்றும். அப்பாவின் ட்ராக்கை அணைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஓடவிட்டாள்.

அதே குரல்தான். அதே கரகரப்பு, அடித்தொண்டையிலிருந்து கிளம்பி உச்சியில் உடையும் அதே அலறல். ஆனால் அப்பாவின் ட்ராக்கில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கும் சத்தம் இருக்கும். எச்சில் விழுங்குவது, காலை மாற்றி ஊன்றுவதுகூடக் கேட்கும். இதில் அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு நீண்ட அலறல், அது முடிந்த இடத்திலேயே அடுத்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பாட்டு முடியும்வரை அது ஒருமுறைகூட மூச்சு விடவில்லை.

அவளுக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை. அப்பா இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே.

நடுவயதில் பாடிய ஆல்பங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் திரையிலிருந்த இரண்டு அலைக்கோடுகளும் அச்சடித்ததுபோல் ஒன்றாகிவிட்டன. விமர்சகர்கள் அவருடைய பொற்காலம் என்று எழுதியது அந்த வருடங்களைத்தான். ஒரு பாட்டின் நடுவே அப்பா இருமினார். அதே நொடியில் அதுவும் இருமியது.

அடுத்த ஆல்பத்தில் அது இருமியது. பிறகு அப்பா இருமினார்.

திரும்பப் போட்டாள். முதலில் அது. பிறகுதான் அப்பா. இன்னொரு முறை போட்டாள். அப்படியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த எல்லா ஆல்பங்களிலும் அதுதான் முன்னால் போனது. சொல்லை அது தொடங்கும். அப்பா மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவார். ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றிப் பாடிப் பார்த்தார். மாற்றிய சொல்லை அது முன்பே பாடியிருந்தது. அப்பாவின் குரலில் அப்போது ஒரு சின்ன நடுக்கம் வந்தது. உலகம் முழுக்க விற்ற ரெக்கார்ட் அது. அந்த நடுக்கத்தைப் பயம் என்று யாரும் நினைக்கவில்லை. அவளுக்கும் தெரியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் "எங்கப்பா திமிர் பிடிச்சவரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

கடைசி ஆல்பத்தைத் திறந்தாள். 'மீண்டும் விழுந்த இடி' என்று பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஆல்பம்.

அப்பாவின் ட்ராக்கில் பாட்டே இல்லை.

மூச்சு மட்டும் இருந்தது. எப்போதாவது நாற்காலி கிறீச்சிட்டது. பாட்டு முழுவதையும், எல்லாப் பாட்டையும், அதுவே பாடியிருந்தது. அதை அணைத்தாள். அப்பாவின் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியைக் கூட்டினாள். ஹெட்போனை விட்டு ஸ்பீக்கரில் போட்டாள். இழுப்பு, விடுதல், இழுப்பு. சின்ன வயதில் அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது கேட்ட மூச்சு. தன் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதை அவள் உணர்ந்தாள். இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததே இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. மைக் திறந்தே இருந்தது.

"பாப்பா."

கத்தாத குரல். கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் கூச்சம்.

பாடும் அறையிலிருந்து யாராவது பேசினால் இந்த வேலையில் இருப்பவர்களின் விரல் தானாக மேசையிலுள்ள பேச்சுப் பொத்தானுக்குப் போகும். அதை அழுத்தினால்தான் இந்தப் பக்கம் பேசுவது அந்த அறைக்குள் கேட்கும். இல்லாவிட்டால் இங்கே வெடி வெடித்தாலும் அங்கே எட்டாது. பேசியது டேப் என்பது மூளைக்கு உறைப்பதற்குள் அவள் விரல் அழுத்திவிட்டது.

"சொல்லுங்கப்பா" என்றாள்.

உடனே சிரிப்பு வந்தது. பைத்தியம் மாதிரி யாரிடம் பேசுகிறேன் என்று நினைத்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ இதை ஒருநாள் கேப்பேன்னு எனக்குத் தெரியும். உன்மேல கோவம் இல்லடா. நான் எங்க பேசறேனோ, அங்க அது பேசக் கத்துக்குது. ஒருநாள் நீ தூங்கிட்டிருந்தப்ப, உன் ரூம்ல என் குரல் கேட்டுது. உனக்குக் கதை சொல்லிட்டிருந்துது. நான் கூடத்துல உக்காந்திருந்தேன். அன்னிக்கு வாயை மூடினேன்." ஒரு நீண்ட மூச்சு. "இங்க வந்து கத்தினா இங்கயே இருக்குது. அதான் வந்துக்கிட்டே இருந்தேன். உன் குரல் மட்டும் இந்த ரூமுக்குள்ள வந்துடக் கூடாது பாப்பா. ஒரு வார்த்தைகூட."

டேப் முடிந்தது.

விரல் இன்னும் பொத்தான் மேல் இருந்தது. எடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. மைக். வேறொன்றும் இல்லை. மேசையில் அந்த மைக்கின் ஒலியளவைக் காட்டும் முள் அசைந்தது. எழுந்தது. விழுந்தது.

"சொல்லுங்கப்பா" என்றது ஸ்பீக்கர்.

அவள் குரல். துளி பிசகில்லை. மூச்சும் இல்லை.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவிடம் கற்றுக்கொள்ள அதற்கு ஒரு ஆயுள் பிடித்தது. இப்போது தொழில் பழகிவிட்டது.

போன் அதிர்ந்தது. அம்மா. எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச வேண்டும். வாயிலிருந்து கையை அகற்றவில்லை. அதிர்வு நின்றது. அழைப்பு எடுக்கப்பட்டிருந்தது, திரையில் நொடிகள் ஓடின.

"ஏண்டி, இன்னுமா வேலை முடியல?"

முள் அசைந்தது. ஸ்பீக்கரில் சத்தமில்லை.

"கெளம்பிட்டியா? சரி சரி." அம்மா கொட்டாவி விட்டாள்.

முள் அசைந்தது.

"என்னது? அப்பா குரலா? கெடச்சுதா?" அம்மா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "போடுடி. இப்பவே போடு. நானும் கேக்கறேன்."

முள் மெல்ல எழுந்தது. எழுந்தபடி நின்றது. அம்மா அழும் சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவே சிரித்தாள். புதுப்பெண் மாதிரி.

"எத்தனை வருஷமாச்சுங்க" என்றாள். "நான் எங்க தூங்கறது. வாங்க. கதவைத் திறந்தே வைக்கறேன்."

முள் விழுந்தது. பாடும் அறையின் கதவு, நடைபாதைப் பக்கம், திறந்துகொண்டது.

அவள் போனைப் பாய்ந்து எடுத்தாள். பூட்டு. அம்மா, கதவைப் பூட்டு. வாயை அகலத் திறந்து, நரம்பு புடைக்கக் கத்தினாள்.

மூச்சு மட்டும் வந்தது.

மறுமுனையில் அம்மாவின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. பிறகு, தாழ்ப்பாள் விலகும் சத்தம்.