ஏரிக்கு வந்த கடல் ஆலா

“அவன் எதைப் பாத்தான்னு நீ பாத்தியாடி?”

பாஞ்சாலி அக்கா அன்றைக்கு எழிலரசியிடம் கேட்டது இவ்வளவுதான்.

ஏரிக்கரையில் ஈரத் துணியும் கையுமாக நின்ற பெண்கள் எல்லோரும் எழிலரசியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவன் நின்றான். கழுத்தில் பைனாகுலர். முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட். அரசு ஆஸ்பத்திரியில் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கிற மாதவராஜ். அந்த முகத்தைத் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

அவன் எழிலரசியை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். கெஞ்சவில்லை. ‘நீங்களாவது சொல்லுங்க’ என்பதுபோல ஒரு பார்வை...

“பாத்தேங்க்கா,” என்றாள் எழிலரசி.

அவள் பார்க்கவில்லை.

சோளக் கொல்லையில் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக் கிளி விரட்டுவதுதான் ஐப்பசியில் அவள் வேலை. பத்தாவதோடு நின்றுபோன பெண்ணுக்கு வீட்டில் வேறு என்ன கொடுப்பார்கள்? தட்டித் தட்டி உள்ளங்கை கொப்பளித்து, ஒருநாள் காரிமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். களிம்பை நீட்டும்போது அந்த ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “கை எப்படிங்க இப்படி ஆச்சு?” சொன்னாள். “மெதுவாத் தட்டுங்க. பறவைங்களுக்கும் காது இருக்குது.” அவள் தலையை மட்டும் ஆட்டினாள். “தலையை ஆட்டுனா எனக்கு எப்படிங்க தெரியும்? ஜன்னல் இத்தனூண்டு. வாயைத் தொறந்து சொல்லுங்க.” சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சிரிப்பு வந்தது. ஜன்னலோர சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஏரிக்கரைச் சம்பவத்தன்று, நின்றது அவன்தான் என்று பரண்மேலிருந்து தெரியவில்லை. கருவேல மரத்தடியில் யாரோ ஓர் ஆள், பெண்கள் துணி துவைக்கும் கற்கள் இருக்கும் திசையில் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அதுதான் தெரிந்தது. கிளிக்குத் தட்டுகிற தகரத்தை அந்த ஆளுக்குத் தட்டினாள். விடாமல் தட்டினாள். அவர்கள் ஊரில் விட்டு விட்டுத் தட்டினால் கிளி, விடாமல் தட்டினால் யானை. ஊரே தடியோடு ஓடி வந்தது.

அவள் அண்ணன் அறிவழகன், தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆளாக வந்தான்.

“பொம்பளைங்களைப் பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

“இல்லீங்கண்ணா... நான் பறவை...”

அப்போதுதான் பாஞ்சாலி அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள். எழிலரசி அந்தப் பதிலைச் சொன்னாள். ‘இல்லைங்க்கா, சரியாத் தெரியல’ என்று சொல்லியிருக்கலாம். யானை இல்லாமல் யானைத் தகரம் தட்டியவள் என்று ஊர் சிரிக்குமே... அந்தச் சிரிப்புக்குப் பயந்து சொன்னாள்.

அண்ணனின் கை விழுந்தது. மாதவராஜின் கண்ணாடி தெறித்தது. பைனாகுலரின் வார் அறுந்து சோளத் தட்டைக்குள் போய் விழுந்தது. அவன் குனிந்து கண்ணாடியை மட்டும் தேடி எடுத்தான். ஒரு பக்கக் காம்பு ஒடிந்திருந்தது. அதைக் கையால் பிடித்தபடியே கரைமேல் நடந்து போனான். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கொல்லையில் நடக்கும்போது பைனாகுலர் காலில் தட்டுப்பட்டது. எடுத்துத் துடைத்தாள். யாரும் இல்லையா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கருவேல மரத்தடியில் அவன் நின்ற இடத்திலேயே போய் நின்றாள். அவன் கால் தடம் சேற்றில் அப்படியே இருந்தது. அதன்மேல் தன் காலை வைத்தாள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள்...

துவைக்கும் கற்கள் தெரியவில்லை.

கருவேலங் கிளை மொத்தமாகத் தொங்கி அந்தப் பக்கத்தை மறைத்திருந்தது. பாஞ்சாலி அக்கா துணியை அடிக்கிற சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. கிளைக்கு அடியில் கொஞ்சம் சேறு தெரிந்தது. அந்தச் சேற்றில் கைப்பிடி அளவில் ஒரு பழுப்புக் குருவி, மெல்லிய காலை எடுத்து வைத்து, வாலை ஆட்டி ஆட்டிக் குத்தித் தின்றுகொண்டிருந்தது. இவ்வளவு பக்கத்தில் ஒரு பறவையை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குப் பறவை என்றால் விரட்டுகிற ஒன்று.

பைனாகுலருக்குள் எல்லாம் கலங்கலாகிவிட்டது. சேறு, குருவி, தண்ணீர் எல்லாம்...

‘இதைத்தான் பாத்தாரு. இதை மட்டும்தான்.’

அதன் பிறகு சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் சொல்லலாம் என்று வாயெடுப்பாள். ‘அவனுக்கு நீ ஏன் பரிஞ்சு பேசற?’ என்று கேட்டால்? ஊர் கேட்டால்? பெண்ணின் பெயரோடு ஓர் ஆணின் பெயர் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்க முடியுமா? வாயை மூடிக்கொள்வாள். ‘பொம்பளைப் பொறுக்கிக்கிட்ட மாத்திரை வாங்காதீங்க’ என்று பஸ்ஸில் யாரோ சொல்லிச் சிரித்தபோது, தன் கன்னத்தில் அறை விழுந்ததுபோல இருந்தது. அவன் பிறகு ஏரிப் பக்கமே வரவில்லை. அவள் தகரத்தை மெதுவாகத் தட்டினாள். கிளிகள் கதிரைத் தின்றன. தின்னட்டும்.

கார்த்திகை பிறந்ததும் புயல் வந்தது. எங்கோ கிழக்கே கரையைக் கடந்தது என்று டிவியில் சொன்னார்கள். இங்கே இரண்டு நாள் விடாத மழை. ஏரி நிரம்பி மதகு வழிந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்த காலையில், சாய்ந்த சோளத்தைப் பார்க்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மீன் வலை கட்டுகிற மூங்கில் கம்பத்தின்மேல் ஒரு பறவை. முதுகு கன்னங்கரேலென்று. வயிறு பளீரென்ற வெள்ளை. நெற்றியில் விபூதி வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கீற்று. வால், விரித்த கத்தரிக்கோல். அந்த ஏரியில் அப்படி ஒன்றை அவள் கண்டதில்லை. பறக்கத் தெம்பில்லாமல், காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

‘ஐயோ... இதை அவரு பாக்கணுமே.’

எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. துணிப்பையில் பைனாகுலர். தலையெல்லாம் நனைந்திருந்தது. மாத்திரை வரிசையில் பாஞ்சாலி அக்காவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. அதற்குப் பின்னால் அவர்கள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர், இருமிக்கொண்டு.

ஜன்னல் வந்தது.

“சீட்டு?” என்றான் அவன், நிமிராமல். கண்ணாடிக் காம்பில் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

“சீட்டு... இல்லீங்க சார்.”

அந்தக் குரலுக்கு நிமிர்ந்தான். அவன் கண்களில் களிம்பு கொடுத்த அன்றைக்கிருந்த சிரிப்பில்லை. மழை விட்ட வானம்போல வெறுமையாக இருந்தன.

“சீட்டு இல்லாம மாத்திரை தர முடியாதுங்க. அடுத்த ஆளு வாங்க.”

“மாத்திரை வேண்டாங்க. மேல கறுப்பு... கீழ வெள்ள. வாலு கத்தரிக்கோலு மாதிரி ரெண்டா...”

“என்னது?”

“நெத்தியில வெள்ளையா... மீன் கம்பத்து மேல உக்காந்திருக்குதுங்க. நான் தகரம் தட்டல. சத்தியமாத் தட்டலங்க.”

அவன் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

“மூக்கு? மூக்கு என்ன கலரு?”

“கறுப்புங்க. ஊசி மாதிரி.”

பின்னாலிருந்து பாஞ்சாலி அக்கா இடித்தாள். “ஏன்டி எழிலு, மாத்திரை வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா? அதுவும் போயும் போயும் இந்தாளுகிட்ட...”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜன்னலுக்குள் அவன் முகம் சிவந்து தாழ்ந்தது. அன்று ஏரிக்கரையில் தாழ்ந்த அதே மாதிரி.

எழிலரசி திரும்பினாள்.

“அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, அவன் எதைப் பாத்தான்னு பாத்தியான்னு... நான் பாக்கலங்க்கா. பாத்தேன்னு பொய் சொன்னேன். மறுநாள் அவரு நின்ன எடத்துல நின்னு பாத்தேன். அங்கருந்து நீங்க யாருமே தெரியல. ஒரு சின்னக் குருவிதான் தெரிஞ்சுது. இவரு அதைத்தான் பாத்தாரு. தப்பு எம்மேலதான்.”

வரிசையில் இருமல்கூட நின்றுபோனது.

“அடிப் பாவி...” என்றாள் பாஞ்சாலி அக்கா மெதுவாக. பிறகு ஜன்னலைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அறிவழகனுக்குத்தான் போகும் அந்தப் போன். எழிலரசிக்குத் தெரியும்.

துணிப்பையை ஜன்னலுக்குள் தள்ளினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிற்காமல் ஓடினாள்.

மத்தியானம் மழை மறுபடி தூறியது. கருவேல மரத்தடியில் அவன் வந்து நின்றபோது அவள் பரணிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் போகவில்லை. நாலடி தள்ளியே நின்றாள்.

பறவை அங்கேயே இருந்தது. அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு மூச்சை விட்டான்.

“ஆலாங்க இது. கடல் ஆலா. நடுக்கடல்ல இருக்கறது. தரைப் பக்கம் லேசுல வராதுங்க. புயல் இழுத்துக்கிட்டு வந்து இங்க போட்டிருக்குது. வருசா வருசம் இந்தச் சீசனுக்குக் கடற்கரைக்குப் போவணும், இந்த மாதிரி ஒண்ணாச்சும் பாக்கணும்னு லீவு கேப்பேன். கெடைக்காது. இந்த வருசம்... கடலே ஏரிக்கு வந்திருச்சு.”

“பொழச்சுக்குமுங்களா?”

“தெம்பு வந்தா திரும்பிப் போயிரும். யாரும் தகரம் தட்டாம இருந்தா.”

அவள் தலை இன்னும் குனிந்தது. “மன்னிச்சுக்குங்க சார்.”

“எத்தன தடவ குனிவீங்க? காலையில நிமிந்து நின்னீங்களே, அது நல்லா இருந்துச்சு.”

மழைத்துளி அவள் இமையில் வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்தாள். பிளாஸ்திரி சுற்றிய கண்ணாடிக்குள் அந்தச் சிரிப்பு பழையபடி எட்டிப் பார்த்தது. ஆனால் அவன் முகத்தில் ஏனோ ஒரு கூச்சம்.

“ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க எல்லாருக்கும் முன்னாடி சொன்னது முழு உண்மை இல்லீங்க.”

“என்னங்க?”

“இவ்வளவு பெரிய ஏரிங்க. அந்தக் கரையில சத்தமே கெடையாது. பறவை பாக்கறவன் எவனாச்சும், நாள் பூராத் தகரம் தட்டற கொல்லைப் பக்கமா வந்து நிப்பானா?”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“கொப்பளிச்ச கைக்குக் களிம்பு குடுத்தேன். ஆறுச்சா இல்லையான்னு தெரியல. தகரச் சத்தம் கேட்டா, கை சரியாயிருச்சுன்னு அர்த்தம்... அதுக்குத்தான் தெனமும் இந்தப் பக்கமா வந்தேன். அன்னைக்குப் பாத்தது குருவியத்தாங்க. ஆனா வந்தது குருவிக்காக இல்ல. அடி வாங்கும்போது அதனாலதான் வாய் தொறக்கல. மனசுக்குள்ள ஒரு குத்தம் இருந்துச்சு.”

எழிலரசி உள்ளங்கையைப் பார்த்தாள். ஆறிய வடு மங்கலாகத் தெரிந்தது. அதை மெதுவாக அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“ஆறிருச்சுங்க,” என்றாள். “காலையில ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வரும்போது... நீங்க இன்னொரு தடவ இங்க வந்து நிக்க மாட்டீங்களான்னுதான் நெனச்சுக்கிட்டே வந்தேன். பறவை ஒரு சாக்குங்க...”

கரையின் கீழே லோடு ஆட்டோ வந்து நின்ற சத்தம்.

அறிவழகன். குடையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக மேலே ஏறி வந்தான். மாதவராஜ் நகரவில்லை. ஓடவுமில்லை. அறிவழகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது மாதவராஜ் பைனாகுலரை நீட்டினான்.

“பாருங்கண்ணா. இங்க நின்னு பாருங்க.”

அறிவழகன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாங்கினான். கம்பத்தைப் பார்த்தான். அப்புறம் மெல்லத் திருப்பினான்... துணி துவைக்கும் கற்கள் இருக்கிற பக்கம். அங்கேயே வைத்திருந்தான். கருவேலங் கிளை காற்றில் ஆடியது. யாரோ துணி அடிக்கிற சத்தம் மட்டும் தப்புத் தப்பென்று கேட்டது.

பைனாகுலரை இறக்கினான். கண்ணாடிக் காம்பில் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைப் பார்த்தான். தன் வலது கையைப் பார்த்தான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பைனாகுலரை மாதவராஜிடம் கொடுத்தான். குடையை விரித்தபடியே தங்கையின் கையில் திணித்தான். மழை வலுத்துக்கொண்டிருந்தது. வெறுந்தலையோடு கரையிறங்கி அறிவழகன் நடந்து போனான்.