ஷார்த்ரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ட்ரிங்...! ட்ரிங்...!

1981, ஜூலை. காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். காலை பத்து மணி.

வடிவாம்பாள் ஒயரைச் செருகினாள்.

"நம்பர் ப்ளீஸ்..."

"போலீஸ் ஸ்டேஷன் குடும்மா! தலத்தெரு பாழுங்கெணத்துல ஒரு பொணம் கெடக்கு!"

கொடுத்தாள். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை மதித்த ஆபரேட்டர் இன்னும் பிறக்கவில்லை!

பிணம்... காத்தமுத்து! நெரவியில் அரிசி ஆலை வைத்திருந்தவர். 'திருப்பதி போயிருக்காங்க' என்று அவர் மனைவி ராசாத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆலையும் இரண்டு வாரமாகப் பூட்டிக் கிடந்தது.

"ஐயோ பாவம் அந்த ராசாத்தி!" என்றாள் வடிவாம்பாள்.

பக்கத்து சீட் செல்லம்மா திரும்பினாள். "யாரு? ஒன் வீட்டுக்காரரு லெட்டரக் கொண்டாந்து குடுத்தாளே, அவளா?"

"ஆமாக்கா. பிரான்ஸ்லேர்ந்து வந்த அவ ஒறவுக்காரர்கிட்ட இவங்க குடுத்து அனுப்பிருந்தாங்கல்ல... அதத் தேடி வந்து குடுத்த மகராசிக்கா!"

'இவங்க' என்பது அவள் கணவன் தெட்சிணாமூர்த்தி. மே மாதம் பிரான்ஸ் போகும் பிளேனைப் பிடிக்கப் பஸ் ஏறினான். அங்கே ஒரு ஓட்டலில் வேலை. அங்கேயே இருக்கும் நண்பன் சுவாமிநாதன் பிடித்துக் கொடுத்தது.

பதினொரு மணி.

பூட்ஸ் சத்தம்!

இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் நேராக வடிவாம்பாளிடம் வந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"பிரான்ஸ்ல இருக்காங்க. ஏன் சார்?"

"போன மாசம் இருபத்தொண்ணு, ஞாயித்துக்கெழம. அன்னிக்குத்தான் காத்தமுத்துவக் கடைசியாப் பாத்துருக்காங்க. பொழுது சாயற நேரத்துல அவர் கெணத்துப் பக்கம் போயிருக்காரு. கூடப் போனது உங்க வீட்டுக்காரர்தான்னு சைக்கிள் கடைக்காரர் சத்தியம் பண்றாரு!"

வடிவாம்பாள் இன்ஸ்பெக்டரையே பார்த்தாள். அடுத்த நொடி... சிரித்துவிட்டாள்!

"இருபத்தொண்ணா சார்? அன்னிக்கு அவங்க எங்க இருந்தாங்கன்னு எங்கிட்ட எழுத்துலயே இருக்கு!"

கைப்பையைத் திறந்தாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன கடிதம். நீட்டினாள். இன்ஸ்பெக்டர் படித்தார்.

'அன்புள்ள வடிவு,

இன்று ஜூன் 21, ஞாயிறு. லீவு. ஷார்த்ர் என்ற பழைய ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தேன். நம் காரைக்காலைப் போலச் சின்ன ஊர்தான். ஆனால் மாதா கோவில் எழுநூறு, எண்ணூறு வருஷத்துப் பழசு. இரண்டு கோபுரம். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நீயும் நானும் நிற்கிற மாதிரி! உள்ளே ஜன்னலெல்லாம் நீலக் கண்ணாடி. வெயில் பட்டுத் தரையெல்லாம் நீலம். மிதிக்கவே மனசு வரவில்லை.

மத்தியானம் கல் பாவிய சந்துகளில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போனேன். நம் அரசலாற்றில் பாதிகூட இல்லை. கல் பாலத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். ஆறரை மணிக்குப் பொழுது சாய்ந்தது. விளக்குகள் எரிய ஆரம்பித்தன. பக்கத்தில் உனக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்...'

"கையெழுத்து?"

"அவங்களோடதுதான் சார். கல்யாணமான நாளா பாக்கறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அந்த சைக்கிள் கடைக்காரருக்குக் கண்ணாடி மாத்தணும்! லெட்டர் எங்கிட்ட இருக்கட்டும்மா."

"எடுத்துட்டுப் போங்க. ஆனா பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க சார். அது தலகாணிக்கு அடியில இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

அவர் வாசலுக்குத் திரும்பினார்.

அதே நேரம்... பப்ளிக் பூத்திலிருந்து ஒரு கூச்சல்! சுல்தான் பீவி. பிரான்ஸில் இருக்கும் மகனோடு பேச நேற்றே புக் செய்தவள். இப்போதுதான் லைன் கிடைத்திருந்தது. பிரான்ஸ் தூரமல்லவா... அதனால் கத்திப் பேசினாள்.

"ஏன் வாப்பா, நோன்பு தொறக்க ராத்திரி பத்து மணி ஆவுதா...? என்னது! ஒம்போதரைக்கும் வெயில் அடிக்குதா? அல்லாவே! போன மாசத்துலேர்ந்தே அப்புடித்தானா...? பசி எப்புடித் தாங்குவே என் ராசா!"

வடிவாம்பாளின் கை அந்தரத்தில் நின்றது.

பூத் கதவு திறந்தது.

"பீவிம்மா..." வடிவாம்பாள் எழுந்து வழி மறித்தாள். "அங்க ஆறரை மணிக்குப் பொழுது சாயாதா?"

"ஆறரையா? அப்ப வெயிலு சுள்ளுன்னு அடிக்குமாம்மா! எம் மவன் வாடிப் போயிட்டான்!"

பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆறரை மணிக்குப் பொழுது சாய்வது... காரைக்காலில்!

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் காலை வைத்துவிட்டார். அவர் காதில் எதுவும் விழவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தாலி தப்பிக்கும். வடிவாம்பாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். நெஞ்சுதான் கேட்கவில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்தது யார்? ராசாத்தி. போன திங்கட்கிழமை சுவாமிநாதனிடமிருந்து ட்ரங்க் கால் வந்ததும் அவள் லைன் கொடுத்தது எந்த நம்பருக்கு? நாற்பத்தேழு. நெரவி அரிசி ஆலை. பூட்டிக் கிடக்கும் ஆலையில் போனை எடுத்தது... யார்?

"சார்! நில்லுங்க!"

ஓடினாள். சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை அழுதாள்.

இன்ஸ்பெக்டர் நம்பாமல்தான் ஜீப்பை நெரவிக்கு அனுப்பினார். பிறகு ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். இன்னொன்று வடிவாம்பாள் காதில்.

"நீங்க பேசுங்கக்கா. எங் குரல் தெரிஞ்சிடும்."

செல்லம்மா நாற்பத்தேழில் ஒயரைச் செருகினாள். லோக்கல் கால் என்றால் விட்டு விட்டு அடிப்பார்கள். செல்லம்மா நீளமாக அடித்தாள். ட்ரங்க் கால் மணி!

'யாரும் எடுக்கக் கூடாது சாமி... யாரும் எடுக்கக் கூடாது...'

எடுத்தார்கள்.

"அலோ...?"

ஒரே வார்த்தை. வடிவாம்பாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரான்ஸ் கால். மிஸ்டர் சுவாமிநாதன் லைன்ல இருக்காரு," என்றாள் செல்லம்மா, துளிகூடப் பிசிறாமல். "லைன் மோசம். அவரு பேசறது உங்களுக்கு வராது. நீங்க பேசறது அவருக்குக் கேக்கும். கட் பண்ணாமப் பேசுங்க."

"சுவாமிநாதா! ராசாத்திக்கும் எனக்கும் விசா என்னாச்சுடா? எத்தன நாள் இந்தத் தவிட்டுக்குள்ள கெடக்குறது! காத்தமுத்து கெணத்துல கெடக்கறது இன்னும் எவனுக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் பயமில்ல. நீ அனுப்புன ஷார்த்ர் படத்தையெல்லாம் பாத்து ஒரு லெட்டர் எழுதி விட்டுருக்கேன். போலீஸ் வந்தா அவளே எடுத்துக் காட்டுவா!"

இன்ஸ்பெக்டரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடிதம் அங்கேதான் இருந்தது.

"அப்பறம் வடிவு... அவளப் பத்தி என்னடா கவல? அந்த ஒரு லெட்டரு போதும். ஆயுசு பூரா வச்சுக் கும்பிட்டுக்கிட்டுக் கெடப்பா!"

வடிவாம்பாள் இப்போது அழவில்லை. இரண்டு மாதமாக இரவெல்லாம் அவனுக்காக அழுததிலேயே எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அவளுக்காக ஒரு நீலக் கண்ணாடியும் இல்லை. எந்தப் பாலத்திலும் எவனும் இடம் விட்டு உட்காரவில்லை.

தட்! தட்! தட்!

"சுவாமிநாதா... யாரோ கதவ இடிக்கறாங்கடா... அலோ? அலோ?"

வடிவாம்பாள் செல்லம்மாவின் கையை மெல்ல விலக்கினாள்.

"ஏங்க..."

மறுமுனையில் மூச்சுச் சத்தம்.

"வ... வடிவு? நீயா?"

"நாந்தாங்க. இன்னொரு தடவ ஷார்த்ர் போனா, பாலத்துல பத்து மணி வரைக்கும் உக்காருங்க. அங்க அப்பத்தான் பொழுது சாயுமாம்."

கதவு உடையும் சத்தம்! ரிசீவர் தரையில் விழுந்து உருண்டது. எவரோ திமிறும் ஓசை... "வடிவு! வடிவு!" என்ற அலறல்...

வடிவாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒயரைப் பிடித்தாள். எட்டு வருஷமாக ஒவ்வொரு ட்ரங்க் காலிலும் ஊருக்கெல்லாம் சொன்னதை அதே மரியாதையோடு அவனுக்கும் சொன்னாள்.

"மூணு நிமிஷம் முடிஞ்சுதுங்க. நீட்டிக்கணுமா?"