இருவர் கையில் ஒரே காசு

சிக்கல் எதுவாயினும், முதலில் பால் சேர்க்காத பிளேன்டீ ஒரு கோப்பையை நின்றபடியே குடித்து முடிப்பது சிவனேஸ்வரி டீச்சரின் வழக்கம். கோப்பை காலியாகும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் அவர் நடத்திய கணினி நிலையத்தில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் அழகுமுத்துவுக்கு அந்த மௌனம் பெரும் சோதனை.

2009 ஐப்பசியில், ஒரு மழைநாள், அங்கே பயிலும் நாகலெட்சுமி கலங்கிய கண்களோடு வந்தாள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கிழித்த வலக்கையில் கட்டு இன்னும் அவிழவில்லை.

"ஒரே காசை ரெண்டு பேருக்குக் கொடுத்து ஏமாத்திட்டேன்னு சர்மிளா சொல்றா, டீச்சர். நான் கூடப் படிக்கிற தேனுஜனுக்கு மட்டுந்தாங்க கொடுத்தேன்."

வங்கியே இல்லாமல் இணையத்தில் அவ்வாண்டு தோன்றிய புதுவகைக் காசைப் பார்த்து, டீச்சர் தம் ஆறு கணினிகளுக்குள் ஒரு பயிற்சிக் காசை ஓடவிட்டிருந்தார். கணக்கில் களங்கமில்லாத ஒருவருக்கே பயிற்சி ஆசிரியை வேலை என்றும் சொல்லியிருந்தார். போட்டியில் எஞ்சியவர்கள் நாகலெட்சுமியும் அவள் தோழி சர்மிளாவும். நாகலெட்சுமியை டீச்சர் பாராட்டும்போதெல்லாம் சர்மிளாவின் விரல்கள் விசைப்பலகையைக் குத்துவதை அழகுமுத்து கவனித்திருந்தான்.

ஆயினும் அவன் சொன்னான்: "ரகசியச் சொல் இல்லாம காசு நகராதுங்க. இவங்கதான் செஞ்சிருக்கணும்."

கோப்பை காலியானது. "கட்டுப் போட்ட கையோடை எப்பிடித் தட்டினனீர், பிள்ளை?"

"போன வாரம் முழுக்க சர்மிளாதாங்க அடிச்சுக் கொடுத்தா. தங்கமான புள்ள."

டீச்சர் மிஷின்களைப் பார்த்தார். ஐந்தில் தேனுஜனுக்குக் கொடுத்த பதிவு இருந்தது. அதன்மேல் பிந்திய கணக்குப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்திருந்தன. சர்மிளாவின் மிஷினில் மட்டும் அதே காசு சர்மிளாவுக்குப் போயிருந்தது. அதன் பின்னால் வலையமைப்பு வயர் கழன்று கிடந்தது. அழகுமுத்து அதைச் சொருகக் குனிந்தான்.

"இப்ப கொளுவாதையும்," என்ற டீச்சர், எல்லாரையும் கூப்பிட்டார்.

"ஒரு குரங்கு ஒரே பலாப்பழத்தைக் கரடிக்கும் நரிக்கும் தாறன் எண்டதாம். காடு முழுக்கக் கேக்கச் சொன்னால் முதல் பேச்சுத்தான் செல்லும். ரெண்டாவதை எல்லாருமாய்த் தள்ளிவிடுவினம். அதாலை நரியைச் சத்தமே நுழையாத குகைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதாம். எங்கடை காசும் அப்பிடித்தான். ஒரு கொடுப்பனவை எல்லா மிஷினும் கேட்டு, சரிபார்த்து, பக்கத்துக்கு மேலை பக்கம் அடுக்கும். சர்மிளா, நாகலெட்சுமி உமக்கு எப்ப காசு தந்தவ?"

"நேத்து என் மிஷின்ல உக்காந்துதாங்க கொடுத்தா. அப்புறம் இடி இடிச்சுது, நான் வயரைக் கழட்டினேன்."

"தந்த கணமே மற்ற மிஷின்களுக்குச் செய்தி போயிருக்கும். போகேல்லை. அப்ப, வயர் முதலே கழன்றிருக்கு."

"முன்னாடியே கழட்டிட்டேன்போல."

"இடிக்குப் பயந்தால் இந்த மலையிலை எல்லாரும் முதல்லை இழுக்கிறது கரண்ட் பிளக்கை. நீர் அதை விட்டிட்டீர். மிஷின் ஓடவேணும், தேனுஜனுக்குப் போன செய்தி மட்டும் அதுக்குக் கேக்கக்கூடாது. கேட்டிருந்தால் ரெண்டாவதை அதுவே மறுத்திருக்கும். போன கிழமை தட்டிக் குடுத்ததாலை ரகசியச் சொல்லும் உமக்குத் தெரியும்."

சர்மிளா ஒப்புக்கொண்டாள். "இங்கயும் நாகலெட்சுமியைப் பாரு, வீட்லயும் நாகலெட்சுமியைப் பாரு. கை கிழிஞ்சு கிடந்தப்பகூட அவதாங்க முதல். எனக்குள்ள பத்தி எரிஞ்சுது."

அழகுமுத்து வயரைச் சொருகினான். மிஷின்கள் முரண்பட்டால் நீண்ட பக்க அடுக்கே செல்லும் என்ற விதிப்படி, அந்தப் பொய்ப் பதிவு தானாகவே மறைந்தது.

"வேலைக்கு என் பேரை எடுத்துருங்க," என்று சர்மிளா தன் மிஷினில் அமர்ந்தாள். தனக்கிருந்த காசு ஒன்றை நாகலெட்சுமிக்கு அனுப்பும் கட்டத்தின்கீழ், குறிப்பெழுதும் இடத்தில் தட்டினாள்: 'நாகலெட்சுமி ஏமாத்தலை. அவ ரகசியச் சொல்லைத் திருடிப் பொய்க் காசு அனுப்பினது நான். சர்மிளா.'

"பிறகு ஆராலும் அழிக்க ஏலாது, பிள்ளை," என்றார் டீச்சர் மெதுவாக.

"பேரையாச்சும் எடுத்துருடி," என்றாள் நாகலெட்சுமி.

"வாய்ல சொன்னா நாளைக்கு நானே மாத்திச் சொல்லுவேன்."

சர்மிளா விசையை அழுத்தினாள். அந்த வரி ஒவ்வொரு திரையாக ஏறி, ஆறாவதிலும் நின்றது.