மெர்சியின் கால்

மெர்சியின் கால் பெடலை விட்டு எழுந்தது. துணி நின்றது. துணியில் ஒன்றுமில்லை.

பெருந்துறைத் தொழிற்பேட்டையில் துணி செக்கிங் கூடம் அது. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசை. மிதித்தால் அதன்மேல் துணி ஓடும், விட்டால் நிற்கும். ஒன்பது வருஷமாக மெர்சிக்குக் கால்தான் முதலில் எழும். அப்புறம்தான் கண் போய் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கும். இன்றைக்கு மத்தியானத்திலிருந்து கால் எழுகிறது, கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை.

மத்தியானத்திலிருந்தே முதுகுக்குப் பின்னால் நின்ற மேனேஜர் சென்னகேசவன் சிரித்தார். பயம் என்பது படிக்காதவர்களுக்கு வரும் சொறி என்பது அவர் கட்சி. பல்லிக்குப் பயந்து கத்தியதற்காக மாமியாரையே பஸ் ஏற்றி அனுப்பியவர். பல்லி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

"மறுபடியும் என்ன அம்மணி?"

"நானு நிறுத்துலீங்க சார். காலு தானா எந்திரிச்சுக்குதுங்க. பொறங்கழுத்தெல்லாம் சில்லுங்குது."

"காலுக்குத் தனியாச் சம்பளம் போடோணுமா? அஞ்சு மணிக்கு லாரி. இன்னொருக்கா நின்னுதுன்னா, நாளைக்கு நீயும் வேண்டாம், உன்ற காலும் வேண்டாம்."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். நின்றது.

"எந்திரி."

அவரே உட்கார்ந்தார். வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை முறுகும் சத்தமும், டியூப்லைட்டின் ரீங்காரமும், கஞ்சித் துணியின் புளித்த வாசமும் ஒன்றாய்க் கலந்து மூக்குக்கும் காதுக்கும் நடுவே எங்கோ தேங்கி நிற்க, வெள்ளை ஓடி ஓடிக் கண்ணில் பால் வார்த்த மாதிரி ஆனபோது, அவர் கால் எழுந்தது.

அவர் எழுப்பவில்லை.

துணியைத் தடவினார். நல்ல துணி. நீலச் சுருளை மாட்டச் சொன்னார். அதிலும் எழுந்தது. இடக்கையில் மட்டும் மயிர் குத்திட்டு நின்றது. வலக்கை சும்மா கிடந்தது.

"மிசின் கோளாறு," என்றார் இளக்காரமாக. குரல் கீச்சென்று வந்தது.

"காலுக்குச் சம்பளம் போட்ருவமுங்களா சார்?" என்றாள் பக்கத்து மேசை ஜெயக்கொடி. யாரும் சிரிக்கவில்லை.

நிமிர்ந்தார். எட்டுப் பெண்கள். கண்ணெல்லாம் துணிமேல். உடம்பு மட்டும், காற்றடித்த சோளத்தட்டு மாதிரி, ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அவருடைய இடப்பக்கத்தை விட்டு விலகி. எழுந்து கூடத்தின் மறுகோடிக்கு நடந்தார். சாய்வும் கூடவே திரும்பியது. தாம் சாய்வது ஒருத்திக்கும் தெரியவில்லை.

மெர்சி தன் இடத்தில் உட்கார்ந்தாள். துணி ஓடியது. நிற்கவே இல்லை. அவர் திரும்பி வந்து அவள் பின்னால் நின்றார். நின்றது.

தலை நிமிராமல், மரியாதையாகத்தான் சொன்னாள்:

"ரெண்டு பேரும் அக்கட்டால தள்ளி நின்னீங்கன்னா காலு எந்திரிக்காதுங்க சார்."

"யாரு ரெண்டு பேரு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் இடது தோளுக்கு ஒரு முழம் மேலே பார்த்தாள்.

அவரும் பார்க்க நினைத்தார். கழுத்து வரவில்லை. பிடிப்பில்லை, சுளுக்கில்லை. மாட்டேன் என்றது.

எட்டு மேசையும் நின்றது.

இடக்கையில் குத்திட்டிருந்த மயிர், தடவிக்கொடுத்தால் பூனைக்குப் படியுமே, அப்படி, முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி, மெதுவாக, படிந்துகொண்டே வந்தது.