மூன்றாவது ஆளின் பங்கு

மாவு டின்னின் மூடி இறுக மூடியபடியேதான் இருந்தது. மாவுதான் இரண்டு கை குறைந்திருந்தது.

தையல்காரி மறுபடி மறுபடி எட்டிப் பார்த்தாள். எலியென்றால் சிந்தியிருக்கும். மகள்தான் எடுத்திருப்பாள் என்று, குட்டியை அடிக்கக் கை ஓங்கினாள். அந்த ஐந்து வயதுக் கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், ஓங்கிய கை தன் நெற்றியிலேயே விழுந்தது. சண்டை ஊரைத் தாண்டிப் போய் இரண்டு மாதம். குண்டுச் சத்தம் ஓய்ந்துவிட்டது, பசி ஓயவில்லை. கடை இல்லை, வயலில் கண்ணிவெடி, கால் வைக்க முடியாது, இடிந்த பள்ளிக்கூடத்து வாசலில் நாள் முழுக்க நின்றால், ரேஷன் கார்டில் உள்ள தலைக்கு வாரம் ஒரு படி புழு நெளியும் மாவு. அதற்கும் நூறு கேள்வி.

அவள் கார்டில் மூன்று தலை. மூன்றாவது அவள் புருஷன். கடைசிக் குண்டில் போனவனை அவளே கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, ஒருவருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டாள். வரிசையில், "படுத்த படுக்கையா இருக்காரு" என்றாள். பிள்ளை எங்காவது உளறிவிடக் கூடாதே என்று, பின்னறையைச் சாத்தி, "அப்பா தூங்குறாரு, உள்ளே போகாதே" என்று அவளையும் நம்பவைத்தாள். தப்புதான். ஆனால் அந்த ஒரு படிதானே பிள்ளையை இத்தனை நாள் நடமாடவைத்தது!

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் ரேஷன்காரர் வந்தார். படுக்கையில் கிடப்பவர்களிடம் வீடு தேடி வந்து கைநாட்டு வாங்குவது அவர் வேலை. கைநாட்டு இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்.

"எங்கேம்மா ஆளு?"

"ஒட்டிக்கிற நோய்ண்ணே. மைப்பெட்டியக் குடுங்க, நானே வாங்கியாறேன்."

"உன் கட்டைவிரல வச்சுட்டு வருவ. இந்தத் தெருவுலயே எட்டுப் பேரு எனக்குத் தண்ணி காட்டிட்டாங்க. நகரும்மா."

உள்ளே போனார். கட்டிலில் இருந்தது போர்வை போர்த்திய இரண்டு தலையணை. அவர் கத்தப்போகும் சத்தத்துக்காக, அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. கிளறிப் போட்ட ஈரமண்ணின் வாடை வந்தது. கூரை ஓட்டையிலிருந்து நீர் சொட்டியது. மைப்பெட்டி 'டக்'கென்று திறந்தது. பிறகு தாழ்ந்த குரலில் பேச்சு.

ஒரு குரல் அல்ல.

வெளியே வந்தவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "பாவம், கை சில்லுனு கெடக்கு. நகமெல்லாம் மண்ணு. கொஞ்சம் கழுவி விடக்கூடாதா?" படியிறங்கும்போது திரும்பினார். "பத்தலையாம். என்கிட்ட சொல்லி நான் என்ன செய்ய?"

அவள் தெருவரை ஓடினாள். "அண்ணே! பேர அடிச்சிருங்க. அவரு செத்துட்டாரு!"

"இத்தனை நாள் இருக்காருன்னு மல்லுக்கட்டுன. நானே பார்த்துட்டு வர்றேன், இப்ப இல்லைங்கிற. செத்தவன் கைநாட்டு வைப்பானா? எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு!"

தாளை நீட்டினார். மை இன்னும் காயவில்லை. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. புருஷன் விரலில் அவளுடைய கத்தரிக்கோல் என்றைக்கோ போட்ட வெட்டு.

வீட்டுக்குள் ஓடிவந்தாள். குட்டியைக் காணோம். அடுப்படியில் இல்லை. முன்னறையில் இல்லை.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னே உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. மடியில் தட்டு.

"அப்பாவுக்குப் பசிக்குதாம்மா. தெனமும் நான்தான் மாவு குடுக்கிறேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"எந்திரி."

"இன்னிக்கு மாவு காலியாயிடுச்சும்மா."

கதவின் அடியிலிருந்து விரல்கள் வந்தன. தட்டைத் தடவின. ஒன்றுமில்லை. நகர்ந்தன. குட்டியின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டன. இறுக்கவில்லை. எங்கே சதை இருக்கிறது என்று பார்ப்பதுபோல், மெல்ல, அமுக்கி அமுக்கி, முழங்கையை நோக்கி ஏறின.