சேற்றுப் பாத்தி

அளவுநாடாவை இரண்டாம் முறை வைத்துப் பார்த்தபோதும் ஆறடி நான்கு அங்குலம்தான் வந்தது. டீச்சர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். நீளம் ஆறடி, அகலம் நாலடி, ஆழம் இரண்டடி. அவளே எழுதியது. குழியை வெட்டியவர் அவள் கணவர். அரை அங்குலம் பிசகினாலும் அன்றைக்குத் தூக்கம் வராத தச்சர்.

இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறவளுக்கு ஓர் ஆசை. ஊர் எல்லையில் இருக்கும் சதுப்பை மண் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள், வீடு கட்ட. அங்கே தானாக முளைக்கிற பூச்சி தின்னும் செடிகளையாவது தன் வீட்டுக்குப் பின்னால் காப்பாற்றி வைக்க வேண்டும். ஓரத்தில் அழுகண்ணி, நடுவில் விலைக்கு வாங்கப்போகும் குடுவைச் செடி என்று வண்ணப் பென்சிலால் குறித்தாகிவிட்டது. குழியில் தார்ப்பாயும் விரித்தாகிவிட்டது. நாற்றுப் பண்ணைக்காரர் அனுப்புவதாகச் சொன்ன கறுப்பு மண், நேற்று இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து குழி நிறையக் கிடந்தது. காலையில் தண்ணீர் விட்டதில் அது சேறாகிவிட்டது. செடிகள் மட்டும்தான் பாக்கி.

"ஏங்க, குழி பெருசாயிருக்கு."

தச்சர் பட்டறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "செடி வர்றதுக்கு முன்னாடியே தோட்டம் வளருதா? உன் கைராசி அப்படி!"

சிரிக்கப் பார்த்தாள். அளவுநாடாவைக் குழி ஓரத்தில் வைத்தாள்.

மாலை வெயில் மதில்மேல் மஞ்சளாய் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எப்போதும் காதைத் துளைக்கிற சில்வண்டுகளும் குப்பைத் தொட்டியை மொய்க்கிற ஈக்களும் எங்கே போய்த் தொலைந்தன என்று யோசித்தபடியே அவள் குனிந்தபோது, சேற்றிலிருந்து எழுந்தது அழுகல் வாடை அல்ல, மூடி திறந்த தேன் பாட்டிலின் வாசனை. அதற்கும் அடியிலிருந்து, யாரோ உதடுகளை மெல்லப் பிரிப்பது போல, ஈரமான ஒரு சின்னச் சத்தம்.

விருட்டென்று நிமிர்ந்தாள். சமையலறைக்குள் போய்ப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டாள்.

"இந்த மண்ணு ஈரம் பட்டா ஊதுமாங்க?"

"எந்த மண்ணு டீச்சர்?"

"நேத்து அனுப்பினீங்களே."



"வண்டி ரிப்பேராகி மூணு நாளா ஷெட்ல நிக்குது. உங்க மண்ணு இங்கதான் மூட்டை மூட்டையா கிடக்கு. நாளைக்குத்தான் அனுப்பறதா இருந்தேன். வேற யார்கிட்டயாவது வாங்கினீங்களா டீச்சர்?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தச்சர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கையில் அளவுநாடாவோடு, ஒரு காலைச் சேற்றில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்காதீங்க!"

போனைப் போட்டுவிட்டு ஓடினாள். கொல்லைக் கதவைத் தாண்டுவதற்குள் அவர் இடுப்புவரை போயிருந்தார்.

"ரெண்டடிதானே வெட்டினேன்," என்றார், கணக்குத் தப்பியவரின் குழப்பத்தோடு. "அடி தட்டுப்படலையே."

"பேசாதீங்க. கையைக் குடுங்க, கையை!"

"எதுக்குப் பதறுற? இதமாத்தான் இருக்கு."

குரலில் துளி பயம் இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது அதனால்தான். குப்புறப் படுத்து, அவர் சட்டைக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். இழுத்தாள். அசையவில்லை.

மார்பு.

"ஏங்க, என்னைப் பாருங்க."

கழுத்து. அவர் கண்கள் பாதி மூடின. தூக்கம் சொக்குகிற பிள்ளையைப் போல.

கூப்பிட்டாள். கத்தினாள். 

வாய். நெற்றி. முடி.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். சட்டென்று பிடி இளகியது. மல்லாக்க விழுந்தாள். கையோடு வந்தது சட்டை. கழுத்துப் பொத்தானிலிருந்து கடைசிப் பொத்தான் வரை எல்லாம் போட்டபடியே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

சேறு சமமாக மூடிக்கொண்டது. குமிழிகூட இல்லை.

அப்புறம், ஒரு செடிகூட இன்னும் நடாத அந்தச் சேற்றின் நடுவே, சிவந்த தளிர்கள் ஐந்து எழுந்தன. பக்கத்துப் பக்கத்தில். ஒன்று கட்டை, மற்றவை நீளம்.

காற்று இல்லை.

தளிர்கள் அவள் பக்கமாக மெல்ல மடங்கின. விரிந்தன. மறுபடி மடங்கின.